மறு: சமரசர் (மீடியேட்டர்) அக்ரிடிடேஷன் – தமிழில் என்ன சொல்லலாம்?

> அக்ரிடிடேஷன், சர்டிஃபிகேஷன், ரெஜிஸ்ட்ரேஷன் மூன்றுக்கும் 'அங்கீகாரம்' என்றே எழுதிவிடலாமே. வாசகருக்குப் புரிந்தால் போதும்.

ஐயா, இதை என்னால் ஏற்க முடியவில்லை. வாசகருக்குப் புரியாமல் போவதே அதனால்தான்.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு சமரசச் சட்டத்தைப் பாருங்கள். பயிற்சி நிலையங்களை அங்கீகரிப்பது சமரச கவுன்சிலின் பொறுப்பு. அந்த நிலையங்கள் சமரசர்களை மதிப்பிட்டுச் சான்று தரும். சமரசரைப் பதிவு செய்வதும், பதிவை நிறுத்திவைப்பதும், ரத்து செய்வதும் மறுபடி கவுன்சிலின் வேலை. ஒரு தரப்பு நம்பிச் சொன்ன ரகசியத்தைச் சமரசர் வெளியே விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கவுன்சில் கைவைக்கக்கூடியது அவருடைய பதிவில். அவர் பயிற்சி முடித்து வாங்கிய சான்று வேறு, அவருக்குப் பயிற்சி தந்த நிலையத்தின் அங்கீகாரம் வேறு. 'சமரசரின் அங்கீகாரம் ரத்து' என்று செய்தி வந்தால், அவரிடம் சொத்துத் தகராறைக் கொண்டுபோயிருக்கும் குடும்பம் என்னவென்று எடுத்துக்கொள்ளும்?

அதனால் அங்கீகாரம் நிலையத்துக்கு மட்டும் இருக்கட்டும். சான்றும் பதிவும் ஆளுக்கு.

இதோடு முடிந்திருக்கும், சிங்கப்பூர் இல்லாவிட்டால். அங்கே சிமி (சிங்கப்பூர் சர்வதேச சமரச நிறுவனம்) என்ற அமைப்பு சமரசர்களை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. முதல் மூன்று படிகள் அக்ரிடிடேஷன், உச்சப்படி சர்டிஃபிகேஷன். இரண்டுமே ஆளுக்குத் தருவது! கீழ்ப்படிகளுக்கு நான் முன்வைப்பது 'தகுதியேற்பு': தகுதியேற்பு பெற்ற சமரசர், இரண்டாம் நிலை. உச்சப்படியில் இருப்பவர் சான்று பெற்ற சமரசர். 'தரச்சான்று' என்ற யோசனையும் வந்தது. அது ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி பொருளுக்குத்தான் ஒட்டும்.

அப்புறம், மீடியேட்டருக்கு 'நடுவர்' என்ற சொல் வேண்டவே வேண்டாம். காவிரி நடுவர் மன்றம் தீர்ப்புச் சொன்னது. சமரசர் தீர்ப்புச் சொல்பவர் அல்ல, பேசவைப்பவர். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் சமரச மையம், சமரசர் என்பவை நன்றாகவே புழங்குகின்றன. இலங்கையில் மத்தியஸ்த சபைகளுக்கு 1988லேயே சட்டம் வந்துவிட்டது. அங்குள்ளவர்களுக்கு மத்தியஸ்தர்தான் பழகிய சொல், அதை நாம் மாற்றப் போக வேண்டாம். நம் சொற்பட்டியலில் சமரசர், மத்தியஸ்தர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுப்போம்.

ஸ்டாண்டர்ட்ஸ் என்பதையும் பிரித்தாக வேண்டும். பயிற்சி இத்தனை மணி நேரம், அனுபவம் இத்தனை ஆண்டு என்பது தகுதி வரையறை. பக்கம் சாயாமை, ரகசியம் காப்பது போன்றவை நடத்தை நெறி. சமரச மையங்களில் பணியாற்றும் வழக்கறிஞர்கள் இங்கே இருந்தால், 'தகுதியேற்பு' உங்கள் வாயில் சரளமாக வருகிறதா என்று சொல்லுங்கள். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் இதைக் கைவிடத் தயார்.