நீர்நாய் பொம்மையின் தலை நிற்க மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

ஈசூன் அம்மா:
வணக்கம். மகளின் பாலர் பள்ளித் தமிழ் வகுப்புக்கு நானும் தோழியும் ஒரு படக்கதை செய்தோம். எழுத்து என்னுடையது, படம் அவருடையது. சிங்கப்பூரின் காலாங் ஆற்றில் வாழும் நீர்நாய்க் குட்டிதான் நாயகி, கழுத்தில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு. பிள்ளைகள் அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்றார்கள். அதனால் படத்தைப் பெரிதாக்கி, அதே வடிவில் ஃபர் துணியில் இரண்டு துண்டு வெட்டித் தைத்துப் பஞ்சு அடைத்தேன். தலை தொங்குகிறது. எவ்வளவு பஞ்சு திணித்தாலும் நிற்கவில்லை. முகத்தைப் பார்த்தவர்கள் எலி என்கிறார்கள். மூன்று முறை பிரித்துத் தைத்துவிட்டேன். கழுத்துக்குள் குச்சி வைக்கலாமா?

தெம்பனிஸ் தையல்:
குச்சி வேண்டவே வேண்டாம் அக்கா, துணியைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். வெட்டும்போது கழுத்து எத்தனை செ.மீ.?

ஈசூன் அம்மா:
படத்தில் உள்ளபடி 5.

தெம்பனிஸ் தையல்:
அதுதான் காரணம். 5 செ.மீ. துண்டு இரண்டைச் சேர்த்தால் சுற்றளவு 10. பஞ்சு உள்ளே போய் உருண்டையானதும் குறுக்களவு 3 செ.மீ. சொச்சம்தான். அவ்வளவு பெரிய தலையை அது எப்படித் தாங்கும்? குறுக்களவு 5 வேண்டுமென்றால் ஒவ்வொரு துண்டிலும் கழுத்தை 8 வெட்டுங்கள், தையலுக்கு விடும் துணி தனி. தலையை முதலில் அடைத்து, கழுத்தை இறுக்கி, உடம்பைக் கடைசியில் அடையுங்கள்.

முகத்துக்கு, மூக்கிலிருந்து பிடரி வரை நடுவில் ஒரு பட்டை வைத்துத் தைத்தால் அகலம் வரும். ஒரு காலை பீஷான் அங் மோ கியோ பூங்காவுக்குப் போய் நிஜ நீர்நாயைப் பாருங்கள். மூக்கு மழுங்கல், காது சிறியது, பக்கவாட்டில் தாழ்ந்திருக்கும். வால் தட்டை. கழுத்து கிட்டத்தட்டத் தலையளவுக்குத் தடிமன்!

ஈசூன் அம்மா:
அப்படி மாற்றினால் பிள்ளைகளுக்கு அவளை அடையாளம் தெரியுமா? அதுதான் பயம்.

தெம்பனிஸ் தையல்:
புத்தகத்தை மூடிவிட்டு அவளை வரையச் சொல்லுங்கள். எல்லாரும் எதை வரைகிறார்களோ அதை மட்டும் தொடாதீர்கள்.

பொங்கோல் வாசகர்:
கண்ணுக்குப் பொத்தான் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். பொம்மையின் சிறு பாகங்களைச் சோதிக்கும் 31.7 மி.மீ. குறுக்களவுள்ள குழாய்க்குள் அடங்கும் எந்தத் துண்டும் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையின் தொண்டையை அடைக்கலாம். நூலால் கண் போடுவதே நல்லது. விற்கும் எண்ணம் இருந்தால் தோழியிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் படத்தின் பதிப்புரிமை வரைந்தவருக்குத்தான்.

ஈசூன் அம்மா:
விற்கவில்லை, வகுப்புக்கு ஒன்றுதான். ஆனாலும் தோழியிடம் கேட்டேன், மகிழ்ச்சியோடு சரி என்றார். பிள்ளைகளையும் வரையச் சொன்னேன். எல்லார் தாளிலும் சிவப்புத் துண்டும் மீசையும் இருந்தன. கழுத்தை ஒருவரும் வரையவே இல்லை! தடிமனாக வெட்டித் தைத்தேன், தலை நிமிர்ந்து நிற்கிறது. கண்ணும் மீசையும் நூல்தான். ஒரே ஒரு தவறு, வாலில் ரோமம் எதிர்ப்பக்கமாகப் படிந்திருக்கிறது.

தெம்பனிஸ் தையல்:
வால் துணியைத் திருப்பி வெட்டுங்கள் அக்கா. கையால் தடவினால் தலையிலிருந்து வால் வரை ரோமம் ஒரே பக்கம் படிய வேண்டும். துணியின் பின்பக்கத்திலிருந்து பிளேடு நுனியால் வெட்டினால் ரோமம் அறுபடாது.