மஸ்டர்ட் வாயு பட்ட கண்: ஆறிய பிறகும் கருவிழி கெடுவது ஏன்?

முதுநிலை மாணவி:
வணக்கம். ஈரான்–ஈராக் போரில் மஸ்டர்ட் வாயு என்ற ரசாயன ஆயுதத்தால் பாதிக்கப்பட்டவர்களின் கண்ணைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். 1987 ஜூன் 28-இல் ஈரானின் சர்தஷ்த் நகரத்தின் மீதே இந்த வாயுக் குண்டுகள் விழுந்தன. ஈரானியர்களில் சிலருக்கு முதலில் கண் ஆறிவிட்டது. 10, 20 வருஷம் கழித்துக் கருவிழி (கண்ணின் முன்புறத் தெளிந்த படலம், கார்னியா) வெளுத்துப் பார்வை போயிருக்கிறது. சுண்ணாம்பு பட்ட கண் அப்போதே கெடுகிறது. இதில் மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்? முதலுதவியும் வேறா?

கருவிழிப் பிரிவு:
சுண்ணாம்பு காரம். செல் சவ்வின் கொழுப்பைக் கரைத்துக்கொண்டு நேரே உள்ளே இறங்கும், வலியும் உடனே. மஸ்டர்ட் வாயு எண்ணெய்த் தன்மை உள்ளது. சில நிமிஷங்களில் எபிதீலியத்துக்குள் (கருவிழியின் மேல்தோல்) ஊறி டிஎன்ஏ-வோடும் புரதங்களோடும் பிணைந்துவிடும். அப்போது வலியே இருக்காது. பெரும்பாலும் 4 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் எரிச்சல், இமை வீக்கம், வெளிச்சம் பார்க்க முடியாமை எல்லாம் தொடங்கும்.

முதலில் அடிபடுவது எபிதீலியத்தின் அடிவரிசைச் செல்கள். அவற்றைக் கீழே பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகள் அறுந்து, மேல்தோல் ஏடு ஏடாக உரியும். லேசான பாதிப்பு ஒன்றிரண்டு வாரத்தில் மூடிவிடும்.

ஏன் இவ்வளவு தாமதம் என்பதற்கான பதில் லிம்பஸில், அதாவது கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பில், இருக்கிறது. கருவிழி எபிதீலியம் 7–10 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது; அதற்கான ஸ்டெம் செல்கள் (புதுச் செல்களை உருவாக்கும் மூலச் செல்கள்) லிம்பஸில்தான் உள்ளன. கடும் பாதிப்பில் அங்குள்ள ரத்தக் குழாய்கள் அடைபட்டு, அழற்சியும் அடங்காமல் நீடிக்கும். அந்த ஸ்டெம் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகின்றன. கையிருப்பு தீரும்வரை கருவிழி தெளிவாகத்தான் தெரியும். தீர்ந்ததும் ஆறாத புண், உள்ளே ஏறும் ரத்தக் குழாய்கள், கொழுப்புப் படிவு, மெலிதல் என்று வரிசையாக வரும். நரம்பும் கெடுவதால் உணர்ச்சி குறையும். புண் வந்ததே நோயாளிக்குத் தெரியாது.

அவசரப் பிரிவு:
முதலுதவியில் பெரிய வித்தியாசம் உண்டு. சுண்ணாம்பில், அமில–காரத் தன்மையைக் காட்டும் பிஎச் தாள் 7-க்குத் திரும்பும்வரை கழுவுவோம். மஸ்டர்டில் அந்தத் தாள் எதையும் சொல்லாது. பிணைப்பு நிமிஷக் கணக்கில் முடிந்துவிடுவதால், பட்ட இடத்திலேயே சுத்தமான தண்ணீரால் கழுவியாக வேண்டும்; சலைனுக்காக (மருத்துவ உப்புநீர்) காத்திருக்கக் கூடாது. தோலுக்குப் பயன்படுத்தும் பிளீச்சிங் கரைசலைக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது. துணியைக் கழற்றுங்கள், அதில் ஊறியது மறுபடி கண்ணுக்கு வரும். சாதாரண லேடெக்ஸ் கையுறை போதாது, மஸ்டர்ட் அதைத் துளைத்து வரும். பியூட்டில் ரப்பர் வேண்டும்.

கண்ணைக் கட்டாதீர்கள். கட்டினால் இமைகள் ஒட்டிக்கொண்டு, உள்ளே சீழ் தேங்கும். இமை ஓரத்தில் வாசலின், ஆன்டிபயாட்டிக் சொட்டு, பாப்பாவை விரிக்கும் ஹோமட்ரோபின் சொட்டு, கறுப்புக் கண்ணாடி. வலி தெரியாமல் மரத்துப்போகச் செய்யும் சொட்டு பரிசோதனைக்கு மட்டும். கையில் கொடுத்து அனுப்பினால் புண் ஆறாது. இமை திறக்க முடியாதவர் பார்வையே போய்விட்டதாக நினைத்துப் பதறுவார். பெரும்பாலும் இது தற்காலிகம் என்று அவரிடம் சொல்வதும் சிகிச்சைதான்.

முதுநிலை மாணவி:
நன்றி சார். கருவிழி வெளுத்த பிறகு மாற்றுக் கருவிழி வைத்தால் போதாதா? ஸ்டீராய்டு போடலாமா?

கருவிழிப் பிரிவு:
ஸ்டீராய்டு தொடக்கத்தில் ஒரு வாரம், பத்து நாள் அழற்சியைத் தணிக்கும். எபிதீலியம் மூடாத கண்ணில் அதற்கு மேல் நீட்டினால் கருவிழி கரையும்.

மாற்றுக் கருவிழி மட்டும் வைத்தால் தோற்கும். அதன் மேல் எபிதீலியம் போர்த்த ஸ்டெம் செல் இல்லையே. முதலில் வறட்சியைச் சரிசெய்யுங்கள்: பதனப்பொருள் சேராத கண்ணீர்ச் சொட்டு, கண்ணீர்த் துளை அடைப்பு, தேவைப்பட்டால் இமையோரத் தையல். அடுத்தது லிம்பஸ். சுண்ணாம்பு பட்டவருக்கு மற்றக் கண்ணிலிருந்து எடுக்கலாம். இங்கே இரண்டு கண்ணும் கெட்டிருக்கும். அதனால் ரத்த உறவினரிடமோ இறந்தவர் தானத்திலோதான் எடுக்க வேண்டும், நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரைகளும் சேர்ந்தே வரும். கருவிழியின் உட்புறச் செல் வரிசையான எண்டோதீலியம் நல்ல நிலையில் இருந்தால் முழுத் தடிமனை எடுக்காமல் முன் அடுக்குகளை மட்டும் மாற்றுவதே நல்லது.

அறுவைக்குத் திட்டமிடும் முன், எந்தச் சொட்டும் போடாத கண்ணில் பஞ்சு நுனியால் கருவிழி உணர்ச்சியைச் சோதியுங்கள். உணர்ச்சி இல்லாத கண்ணில் வைத்த நல்ல மாற்றுக் கருவிழியும் புண்ணாகிப் போகும்.