ராத்திரியில் இறங்கிவிடும் பேட்டரி: எங்கே போகிறது கரண்ட்?

என் காரை வெள்ளி இரவு நிறுத்தினால் திங்கள் காலை செல்ஃப் எடுக்காது. சர்வீஸில் பேட்டரியை மாற்றித் தந்தார்கள். புதுப் பேட்டரியும் அடுத்த வாரக்கடைசியில் படுத்துவிட்டது. அப்படியென்றால் பேட்டரி மேல் குற்றமில்லை, ஏதோ ஒன்று அதைக் குடிக்கிறது.

பூட்டி நிற்கும் வண்டிக்கும் கொஞ்சம் கரண்ட் வேண்டும். அலாரம், ரிமோட் ரிசீவர், கடிகாரம் எல்லாம் சேர்ந்து 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் பயமில்லை. ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு) தான் ஆகும். என் வண்டியில் மீட்டர் காட்டியது ஏறக்குறைய 1 ஆம்பியர். வெள்ளி இரவு எட்டு மணி முதல் திங்கள் காலை எட்டு வரை 60 மணி நேரம். 60 ஆம்பியர்-ஹவர் பேட்டரியைக் காலி செய்ய அதுவே போதும்.

அளக்கும் விதம்தான் இதில் முக்கியம். பூட்டிய உடனே அளந்தால் பல ஆம்பியர் காட்டும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் மாட்யூல்கள் (ஒவ்வொரு வேலையையும் கவனிக்கும் சின்னக் கணினிகள்) ஒவ்வொன்றாகத் தூங்கப் போக இருபது நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். ஃப்யூஸ் பாக்ஸை எட்டுவதற்காகக் கதவைத் திறந்து வைத்து, அதன் லாக்கை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பூட்டிவிட்டேன். கதவு மூடியிருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். கீலெஸ் சாவியைத் தூரமாக வைத்தாக வேண்டும், பக்கத்தில் இருந்தால் வண்டி விழித்துக்கொண்டே இருக்கும்.

அதற்குப் பிறகும் ஃப்யூஸைப் பிடுங்கிப் பார்க்கவில்லை. பிடுங்கிச் செருகினால் தூங்கிய மாட்யூல் எழுந்துவிடும், திரும்பவும் காத்திருக்க வேண்டும். ஃப்யூஸின் தலையில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்த இரண்டையும் தொட்டால், கரண்ட் ஓடாத ஃப்யூஸ் பூஜ்யம் காட்டும். இன்ஃபோடெயின்மென்ட் (பாட்டு, மேப் காட்டும் திரை) ஃப்யூஸ் மட்டும் பூஜ்யம் காட்டவில்லை.

ஆனால் திரையில் கோளாறு இல்லை! ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் இடம்) செருகியிருந்த, வண்டி இருக்குமிடம் காட்டும் டிராக்கர், மாட்யூல்களை இணைக்கும் நெட்வொர்க்கை ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி, பூட்டிக் காத்திருந்து பார்த்தேன்: 30 மில்லிஆம்பியருக்குக் கீழே. கரண்ட் எந்த வழியாகப் போகிறது என்பதைத்தான் ஃப்யூஸ் சொல்கிறது. அந்த மாட்யூலைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது வேறொன்றாக இருக்கலாம். திரையை மாற்றச் செலவு செய்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

* * *

நீங்கள் சொன்ன முறை சரி சார். நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன், ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். எல்லா ஃப்யூஸும் பூஜ்யம் காட்டும், கசிவு மட்டும் நிற்காது. அப்படி வரும் வண்டியில் நான் முதலில் பார்ப்பது ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பாகம். அதன் தடித்த கேபிள் பெரும்பாலும் சின்ன ஃப்யூஸ்கள் வழியாகப் போகாமல் பேட்டரிக்கே போகிறது. உள்ளே கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று பழுதானால் கரண்ட் பின்னோக்கி ஓடும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இன்ஜின் சில்லென்று இருக்க, ஆல்டர்னேட்டர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்ததை நான் கையால் தொட்டே கண்டுபிடித்திருக்கிறேன். உறுதி செய்ய, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு அந்தக் கேபிளை எடுத்து முனையை நன்றாகச் சுற்றி வையுங்கள். நெகட்டிவை மாட்டித் திரும்ப அளக்கும்போது கசிவு நின்றிருந்தால் விடை கிடைத்துவிட்டது.

மீட்டரைத் தொடராக (கரண்ட் முழுவதும் மீட்டர் வழியாகவே ஓடும்படி) மாட்டியிருக்கும்போது யாரும் செல்ஃப் அடிக்கக் கூடாது. மீட்டரின் 10 ஆம்பியர் சாக்கெட்டில் உள்ள ஃப்யூஸ் அந்த நொடியே போய்விடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சாவியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

* * *

எங்கள் வண்டியில் நடந்தது கொஞ்சம் வேறு மாதிரி அண்ணா. கசிவே இல்லை, ஆனாலும் டாஷ்போர்டில் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ஸ்டீயரிங், ஏர்பேக் என்று எல்லா விளக்கும் சேர்ந்து எரிந்தன. ஸ்கேனரில் வரிசையாக, மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேச முடியவில்லை என்ற தொடர்புப் பிழைகள். ஏபிஎஸ் மாட்யூலை மாற்றச் சொன்னார்கள், நான் சம்மதிக்கவில்லை. அத்தனை மாட்யூலும் ஒரே நாளில் கெட்டுப்போகுமா?

பேட்டரி 12.6 வோல்ட் இருந்தது, அதாவது முழு சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் அளந்தோம். 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் 1 வோல்ட்டுக்கு மேல் வந்தது. பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடும் பாடியோடும் இணைக்கும் எர்த் ஸ்ட்ராப், உறைக்குள் பச்சை பூத்து அரித்துப் போயிருந்தது, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. அந்த ஒரு ஸ்ட்ராப்பை மாற்றி, பிழைகளை அழித்ததும் விளக்குகள் திரும்ப வரவில்லை.

இன்னொன்று: நெகட்டிவ் முனையில் பேட்டரியின் சார்ஜைக் கணக்கு வைக்கும் சின்னப் பெட்டி போன்ற சென்சார் இருக்கும் வண்டிகளில், சார்ஜரின் கறுப்புக் கிளிப்பைப் பேட்டரி முனையில் மாட்டாமல் பாடி எர்த்தில் (வண்டியின் உலோக உடலில்) மாட்டுங்கள். நேராக முனையில் மாட்டினால், ஏற்றிய சார்ஜ் அந்த சென்சாரின் கணக்கில் வராது.