பிரிண்டரில் நிற வீச்சை (கேமட், அதாவது அச்சில் கொண்டுவர முடிகிற நிறங்களின் எல்லையை) கூட்ட முயன்றவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முதலில் என்னுடையது. சிறு மீன்கொத்தி ஒன்றைப் படம் எடுத்திருந்தேன். திரையில் முதுகு பளீரென்ற மயில்கழுத்து நீலம், வயிறு நல்ல ஆரஞ்சு. தாளில் முதுகு மங்கிப்போய், வயிறு செங்கல் நிறத்தில் வந்தது. நாலு இங்க் (சயான் என்ற பச்சை கலந்த நீலம், மெஜந்தா என்ற ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள், கருப்பு) பிரிண்டர் என்பதால்தான் இப்படி என்று நினைத்து எட்டு இங்க் உள்ள ஒன்றை வாங்கினேன். கூடுதலாக வந்த நாலும் லைட் சயான், லைட் மெஜந்தா, இரண்டு சாம்பல். இவை வெளிர் இடங்களில் புள்ளி தெரியாமல் வழவழப்பாகக் காட்டுவதற்கு, நிற வீச்சை இவை பெரிதாகக் கூட்டுவதில்லை. வானம் அருமையாக வந்தது, மீன்கொத்தி தேறவில்லை. ரொம்ப வருத்தமாக இருந்தது.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பளபளப்பான போட்டோ தாளைப் போட்டுவிட்டு டிரைவரில் (கணினியில் பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) சாதாரணத் தாள் என்றே விட்டிருந்தேன், அதனால் பிரிண்டர் அந்தத் தாளுக்குத் தேவையான அளவு இங்க்கை இறக்கவே இல்லை. அதைச் சரிசெய்ததுமே கருப்பு ஆழமானது, நிறங்களுக்கும் உயிர் வந்தது. அடுத்தது ப்ரொஃபைல், அதாவது ஒரு பிரிண்டரும் தாளும் சேர்ந்து எந்த நிறத்தை எப்படிக் காட்டும் என்ற அளவீட்டுக் குறிப்பு. நிறக் கட்டங்களை அச்சடித்து, ஒரு நாள் காயவிட்டு, இரவல் வாங்கிய ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் (நிறத்தை அளக்கும் கருவி) அளந்து அந்தத் தாளுக்கென்றே ஒன்று செய்தேன். ஆனால் நீலத்தை மீட்டது இது எதுவும் இல்லை, படக் கோப்புதான். கேமரா கொடுத்த ஜேபெக் படம் எஸ்ஆர்ஜிபியில் இருந்தது. அது திரைக்காக வந்த நிறவெளி (ஒரு கோப்பு குறிக்கக்கூடிய நிறங்களின் தொகுதி), சயான் இங்க்கின் நிறமே அதற்கு வெளியே நிற்கிறது! ரா கோப்பை (கேமரா பதிந்த மூலத் தரவு) திரும்ப எடுத்து, அதைவிட அகலமான நிறவெளியான அடோபி ஆர்ஜிபியில் மாற்றி அடித்தபோதுதான் முதுகு முதுகாக வந்தது. ஆரஞ்சு மட்டும் இன்னும் பாக்கி.

* * *

நான் பேக்கேஜிங் அச்சில் வேலை செய்கிறேன், உங்கள் ஆரஞ்சு எங்களுக்குப் பழைய தலைவலி. ஆரஞ்சு என்பது மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து வருவது. மெஜந்தா பச்சை ஒளியை மட்டும் விழுங்க வேண்டும், ஆனால் நீலத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. சயானும் அப்படியே, பச்சையில் கை வைக்கிறது. அதனால் இரண்டு இங்க் சேரும் இடமெல்லாம் அழுக்கேறும், இதை எந்த ப்ரொஃபைலாலும் கழுவ முடியாது, தனி இங்க்தான் வழி. நிற அட்டைகளுக்குப் பேர்போன பான்டோன் நிறுவனம் 1994-ல் ஆரஞ்சும் பச்சையும் சேர்த்து ஹெக்ஸாக்ரோம் என்று ஆறு நிற முறை கொண்டுவந்தது, 2008-ல் நிறுத்திவிட்டது. இப்போது நாங்கள் ஆரஞ்சு, பச்சை, வயலெட் சேர்த்து ஏழு நிறத்தில் ஓட்டுகிறோம். முன்பு ஒவ்வொரு வேலைக்கும் தனி இங்க் கலந்து, முடிந்ததும் அந்த இங்க் ஓடிய அச்சு யூனிட்டைக் கழுவ வேண்டும், அந்தப் பாடு போயே போய்விட்டது. ஆனால் ரிஜிஸ்டர் (நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது) துளி விலகினாலும் ஏழு நிறத்தில் சட்டென்று காட்டிக்கொடுத்துவிடும். நீங்கள் அடுத்து வாங்கும்போது இங்க் எத்தனை என்பதைவிட என்னென்ன நிறம் என்று பாருங்கள்.

* * *

நன்றிங்க. நீங்கள் சொன்ன பிறகு, ஆரஞ்சும் பச்சையும் உள்ள பிரிண்டர் வைத்திருக்கும் நண்பரிடம் அதே கோப்பையும் அதே தாளையும் கொண்டுபோனேன். அவருடைய ப்ரொஃபைலில் சாஃப்ட் ப்ரூஃப் (அச்சு எப்படி வரும் என்று திரையிலேயே பார்ப்பது) பார்த்தபோது வயிற்றில் கேமட் எச்சரிக்கை (அச்சில் வராத நிறங்களைக் காட்டும் குறி) ஏறக்குறைய காணோம். அடித்து, அதையும் என் பிரிண்டரில் அடித்ததையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம், முதுகில் பெரிய வித்தியாசம் இல்லை, வயிறு மட்டும் நான் அன்று நேரில் பார்த்த அதே ஆரஞ்சு.