அப்பாவின் ஃபிளாப்பிகளைப் படிக்க எந்தப் பழைய மெக்கின்டோஷை வாங்கலாம்?

தோ பாயோ வாணி:
வணக்கம். அப்பா எழுதிய மேடை நாடகங்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய ஃபிளாப்பி வட்டுகளில் கிடக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் ஆப்பிளின் மெக்கின்டோஷ் கணினியில் தட்டச்சு செய்தவை. வீடு மாறியபோது அந்தக் கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். காகிதப் பிரதி எதுவும் இல்லை. யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவில் போட்டால் என் விண்டோஸ் கணினி எல்லா வட்டுக்கும் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கிறது. இங்கே சிங்கப்பூரில் சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகளில் விசாரித்தேன், சிரித்தார்கள். பழைய பொருள் விற்ற சுங்கை ரோடு சந்தையும் 2017இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே வெளிநாட்டில் தேடுகிறேன்.

இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று ஜப்பானிலிருந்து கிளாசிக் II, திரையோடு சேர்ந்த சின்னப் பெட்டி, 180 சிங்கப்பூர் வெள்ளி. மற்றொன்று லண்டனிலிருந்து பழுப்பு நிறப் பவர் மெக்கின்டோஷ் ஜி3, 150 வெள்ளி, ஆனால் அனுப்பும் செலவு அதைவிட அதிகம். மனம் கிளாசிக்கைத்தான் கேட்கிறது. அப்பா வைத்திருந்ததும் அதே மாதிரி. மொத்தம் 500 வெள்ளிக்கு மேல் போக முடியாது.

பழைய அச்சுக்காரர்:
வாணி அம்மா, அந்த 'ஃபார்மட்' கேள்விக்கு மட்டும் சரி என்று சொல்லிவிடாதீர்கள், வட்டில் இருப்பது அழிந்துவிடும். ஒவ்வொரு வட்டின் மூலையிலும் ஒரு சிறு கட்டை இருக்கும். துளை தெரியும்படி அதைத் தள்ளி வைத்துவிட்டால் எந்தக் கணினியும் அதில் எழுதாது.

அப்படியே எதிர்மூலையையும் பாருங்கள். அங்கும் துளை இருந்தால் 1.44 எம்பி வட்டு, இல்லாவிட்டால் பெரும்பாலும் 800 கேபி. 800 கேபி வட்டைச் சுழற்றும் வேகத்தை மெக்கின்டோஷ் இடத்துக்கு இடம் மாற்றிக்கொள்ளும். யூஎஸ்பி டிரைவ் ஒரே வேகத்தில்தான் சுற்றும், தலைகீழாக நின்றாலும் அதைப் படிக்காது.

நீங்கள் சொன்ன இரண்டு கணினிகளும் படிக்கும். படித்ததை வெளியே கொண்டுவருவதில்தான் சிக்கல். கிளாசிக் II-இல் வேறு கணினியோடு கம்பியில் இணைக்கும் ஈதர்நெட் கிடையாது. ஒவ்வொரு கோப்பையும் விண்டோஸுக்கான 1.44 வட்டில் நகலெடுத்து மாற்ற வேண்டும். ஜி3-இல் ஃபிளாப்பி டிரைவும் உண்டு, ஈதர்நெட்டும் உண்டு. அது 1997இல் வந்தது. அடுத்த ஆண்டே ஐமேக்கில் ஆப்பிள் ஃபிளாப்பியைக் கைவிட்டது. ஜி3-இல் மேக் ஓஎஸ் 9 என்ற பழைய இயங்குதளமே இருக்கட்டும், அதற்குப் பின் வந்த ஓஎஸ் எக்ஸ் போட்டால் ஃபிளாப்பி டிரைவ் வேலை செய்யாது.

கிளாசிக் மீது எனக்கும் ஆசைதான். ஆனால் அதில் கண்ணாடிப் படக்குழாய் இருக்கிறது. சரியாகக் கட்டாமல் அனுப்பினால் அதன் கழுத்து உடைந்து வரும். உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் (மின்தேக்கிகள்) கசிவதும் அந்த மாடலின் தீராத நோய். தவிர, ஜப்பானில் 100 வோல்ட், நமக்கு 230. பின்பக்க லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லாமல் பணம் கட்டாதீர்கள். லண்டன்காரருக்கும் நமக்கும் வோல்ட்டும் ஒன்று, பிளக்கும் ஒன்று.

எதை வாங்கினாலும் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் 3.6 வோல்ட் பேட்டரியைச் சுற்றிப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அது ஒழுகியிருந்தால் மின்சுற்றுப் பலகையின் செம்புத் தடங்களை அரித்திருக்கும். ஜி3-க்குச் சாதாரண விஜிஏ திரையை இணைக்க மெக்கின்டோஷ்–விஜிஏ அடாப்டரும், பழைய மெக்கின்டோஷுக்கான ஏடிபி வகை விசைப்பலகையும் வேண்டும். விற்பவரிடமே சேர்த்துக் கேளுங்கள், இங்கே தேடி அலைய முடியாது.

கிளமெண்டி குமரன்:
அக்கா, கணினியே வேண்டாம் என்பேன். கிரீஸ்வீசல் என்று ஒரு சிறிய மின்சுற்றுப் பலகை இருக்கிறது. சாதாரணப் பிசி ஃபிளாப்பி டிரைவை அதில் மாட்டினால் காந்தப் பதிவை அப்படியே எடுத்துவிடும், 800 கேபி வட்டையும் படிக்கும். கிடைத்த பிம்பத்தை, அதாவது வட்டின் முழு நகலை, இன்றைய கணினியில் பழைய மெக்கின்டோஷ் போல நடிக்கும் பசிலிஸ்க் II எமுலேட்டரில் திறக்கலாம்.

கணினிதான் வேண்டும் என்றால் வரியையும் கணக்கில் வையுங்கள். விமானத்திலோ அஞ்சலிலோ வரும்போது விலை, அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றும் சேர்ந்து 400 வெள்ளியைத் தாண்டினால் மொத்தத்துக்கும் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. மலிவாக இருக்கிறதே என்று கப்பலில் வரவழைத்தால் அந்த 400 வெள்ளிச் சலுகையே கிடையாது.

பழைய அச்சுக்காரர்:
தம்பி சொல்லும் கிரீஸ்வீசல் நல்ல வழி, கணினிக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யப் பயப்படாதவர்களுக்கு. ஆனால் எந்த வழியில் போனாலும் முதலில் பூஞ்சையைப் பாருங்கள். உலோகத் தகட்டை விரலால் நகர்த்தி, பின்பக்க வட்டத்தை மெதுவாகச் சுழற்றி, விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். கறுப்புப் பரப்பில் வெண்சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் அந்த வட்டை டிரைவில் போடாதீர்கள். படிக்கும் முனையில் அழுக்கு ஒட்டி அடுத்த வட்டையும் கீறிவிடும். நம் ஊர் ஈரத்தில் இது சகஜம்.

இன்னொன்று, அப்பா பயன்படுத்திய எழுத்துரு. யூனிகோடு என்ற பொதுக் குறியீடு வருவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தன் இஷ்டத்துக்கு எழுத்துகளை அடுக்கியது. எழுத்துரு இல்லாமல் கோப்பைத் திறந்தால் 'f', '@' என்று குப்பைதான் தெரியும். நாடக வட்டுகளை விட எழுத்துரு வட்டு முக்கியம்.

தோ பாயோ வாணி:
நன்றி ஐயா, நன்றி தம்பி. பார்த்துவிட்டேன், முக்கால்வாசி வட்டுகளில் இரண்டாவது துளை இல்லை. புள்ளி உள்ளவற்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றில் அப்பாவின் கையெழுத்தில் 'எழுத்து – தொடாதே' என்று இருக்கிறது, அதுதானா ஐயா? கட்டளை தட்டுவதெல்லாம் எனக்குச் சரிப்படாது குமரன், ஜி3-க்கே போகிறேன். பேட்டரிப் படம் கேட்டு லண்டன்காரருக்கு எழுதியாயிற்று. அடாப்டர் அவரிடம் இல்லையாம். இங்கே யாரிடமாவது சும்மா கிடக்கிறதா?