மீத்தேன் ரேடிக்கல் அயனி: என் வேகமாறிலி ஏன் இவ்வளவு குறைகிறது?

கேள்வி:
வணக்கம். அயனிப்பொறியில் (அயனிகளை வெற்றிடத்தில் பிடித்துவைக்கும் கருவி) நிறை 16 உள்ள மீத்தேன் ரேடிக்கல் அயனியை (இணைசேராத எலக்ட்ரான் உள்ள அயனி) மட்டும் பிடித்துவைத்து, அதை மீத்தேன் வாயுவோடு வினைபுரிய விடுகிறேன். நிறை 17 அயனி உருவாகிறது, மெத்தில் ரேடிக்கல் வெளியேறுகிறது. அயனியைவிட வாயு பல மடங்கு அதிகம் என்பதால் போலி முதல்வகை வினையாக, அதாவது வாயுவின் அளவு மாறாது, அயனி மட்டும் குறைகிறது என்று எடுத்துக்கொண்டேன். அயனி அளவின் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேர்கோடு. சரிவு வினாடிக்கு 2.3. அழுத்தம் அளக்கும் கேஜ் காட்டுவது 1×10⁻⁷ டார். கணக்குப் போட்டால் வேகமாறிலி 0.72×10⁻⁹ கன செ.மீ./வினாடி. நூல்களில் 1.1×10⁻⁹ பக்கம் இருக்கிறது, அயனி–மூலக்கூறு மோதல் வேகத்தைக் கணிக்கும் லான்ஜெவன் சூத்திரமோ 1.33×10⁻⁹ தருகிறது. மூன்று வாரமாக என் வினைவேக மாடலில் நான் கைவைக்காத வரி இல்லை. எங்கே பிழை?

பதில் 1:
70 எலக்ட்ரான் வோல்ட்டில் உண்டாக்கிய அயனி அதிர்வு ஆற்றலோடு இருக்கலாம். ஹீலியத்தில் கொஞ்சம் குளிரவிட்டுப் பாருங்கள்.

பதில் 2:
சூடான அயனியும் குளிர்ந்த அயனியும் வேறு வேறு வேகத்தில் வினைபுரிந்தால் கோடு பெரும்பாலும் வளைந்திருக்கும். உங்களுடையது நேராக இருக்கிறது. மாடலை விட்டுவிட்டு கேஜைப் பாருங்கள்.

அயனி கேஜ் நைட்ரஜனை வைத்து அளவுதிருத்தம் செய்யப்பட்டது. மீத்தேன் அதில் சுமார் ஒன்றரை மடங்கு கூடுதலாகக் காட்டும். அப்படியானால் உங்கள் பொறியில் உண்மையில் இருப்பது 0.67×10⁻⁷ டார், கன செ.மீ.க்கு 2.15×10⁹ மூலக்கூறு. 2.3-ஐ அதால் வகுத்துப் பாருங்கள்: 1.07×10⁻⁹. நானும் இதே இடத்தில் ஒரு கோடைக்காலம் முழுவதையும் தொலைத்தவன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். இந்த வினையின் வேகம் நன்றாகத் தெரிந்தது என்பதால், இதை வைத்தே கேஜைத் திருத்திக்கொள்ளும் வழக்கமும் உண்டு.

இன்னொன்று. லான்ஜெவன் எண்ணை விடையாக மாடலில் எழுதாதீர்கள். அயனியும் மூலக்கூறும் எத்தனை முறை ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் என்பதுதான் அது; பிடித்தபின் வினை நடக்குமா என்று அது சொல்லாது. ஆக்சிஜன் எதிர்மின் ரேடிக்கல் அயனியை எடுங்கள். நிறை அதே 16, எதிரே அதே மீத்தேன், அதனால் லான்ஜெவன் மதிப்பும் அதே 1.33×10⁻⁹. ஆனால் அது மீத்தேனிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கும் வேகம் சுமார் 1×10⁻¹⁰ தான். பத்துக்கு ஒன்றுகூடத் தேறாது. முதல் முறை இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணா. ஐந்து அழுத்தங்களில் மறுபடி எடுத்தேன், திருத்தியபின் 1.08×10⁻⁹ வருகிறது. ஆனால் நேரம் நீள நீள நிறை 19-இல் ஒரு சின்ன உச்சி முளைக்கிறது.

பதில் 2:
அது தண்ணீர். 17 அயனி தன் புரோட்டானை நீருக்குக் கொடுத்துவிடுகிறது, மீத்தேனைவிட நீர் அதை இறுகப் பிடிக்கும். வாயுக் குழாயை ராத்திரி முழுக்கச் சூடேற்றி வெற்றிடத்தில் வைத்துவிட்டு, காலையில் முதல் வேலையாக 19-ஐப் பாருங்கள். அப்போதும் இருந்தால் அந்த வினையையும் மாடலில் சேர்த்துவிடுங்கள்.