நெய்வேலி சுரங்கத்துக்குப் பக்கத்து போர்களில் (ஆழ்துளைக் கிணறுகளில்) நீர்மட்டம், தண்ணீர் தரம்: எப்படி அளப்பது?

கரும்புக்காடு:
வணக்கம். கம்மாபுரம் வட்டாரத்தில் ஆறு விவசாய போர்களில் மாதம் ஒருமுறை மட்டம் அளந்து, வருடத்துக்கு இரண்டு முறை தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்க ஊரில் பேசி முடிவெடுத்திருக்கிறோம். ஆழம் 60 அடியிலிருந்து 450 அடி வரை. பக்கத்துப் பக்கத்து போர்களிலேயே மட்டம் 100 அடிக்கு மேல் வித்தியாசப்படுகிறது. எதை எடுத்துக்கொள்வது? சோதனையில் என்னென்ன கேட்க வேண்டும்? நாளை யார் கேட்டாலும் எடுத்துக் காட்டுகிற மாதிரி கணக்கு வேண்டும்.

நீர்மட்டம்:
இரண்டு மட்டமும் சரியாகவே இருக்கலாம். அவை வேறு வேறு தண்ணீர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே ஒரு மணல் அடுக்கில் தண்ணீர், கீழே இன்னொன்றில் அழுத்தத்தோடு அடைபட்ட தண்ணீர். கீழே இருப்பது சதுர செ.மீ.க்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்தும் என்பது சுரங்கம் தொடங்கிய காலக் கணக்கு. அதாவது 60 முதல் 80 மீட்டர் நீர் உயரம். அதைத் தணிக்காமல் தோண்டினால் சுரங்கத்தின் தரையே உடைந்து தண்ணீர் பீறிடும். அதற்காகத்தான் 1961 முதல் ராப்பகலாக இறைக்கிறார்கள்.

ஆகவே டேப்பைக் கையில் எடுப்பதற்கு முன், போர் போட்டவரைப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் எழுதி வாங்குங்கள்: மொத்த ஆழம், கேசிங் (போரின் வெளிக் குழாய்) எத்தனை அடி, தண்ணீர் உள்ளே வரத் துளையிட்ட பைப் எங்கே, நிலக்கரி அடுக்கின் கருந்தூள் எந்த அடியில் வந்து எந்த அடியில் நின்றது. மேல் அடுக்கு போர் தனி, கீழ் அடுக்கு போர் தனி. இரண்டிலும் துளை உள்ள போரின் மட்டம் எந்த அடுக்கின் மட்டமும் அல்ல. அதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

மோட்டார் உள்ள போரில் டேப் கேபிளில் சுற்றிக்கொள்ளும். அடுத்த முறை மோட்டாரைத் தூக்கும்போது கூடவே ஒரு 25 மி.மீ. பிவிசி பைப்பை மோட்டாருக்கு 3 மீட்டர் மேலே வரை இறக்கிக் கட்டுங்கள். அடிப்பகுதி 2 மீட்டருக்குச் சின்னத் துளைகள். டேப் அதற்குள் தடையில்லாமல் இறங்கும்.

விடிகாலையில், மும்முனை கரண்ட் வருவதற்கு முன் அளக்க வேண்டும். 10 நிமிடம் விட்டு மறுபடி அளந்து, இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் ‘ஏறுகிறது’ என்று குறியுங்கள். பக்கத்துக் கொல்லையில் மோட்டார் ஓடினால் அதையும் எழுதுங்கள். கேசிங் விளிம்பில் பெயின்டால் ஒரு புள்ளி வைத்து எப்போதும் அங்கிருந்தே அளங்கள். அந்தப் புள்ளி கடல்மட்டத்துக்கு எத்தனை மீட்டர் உயரம் என்று சர்வேயரை வைத்து எடுத்துவிடுங்கள். அது இல்லாமல் தண்ணீர் எந்தத் திசையில் போகிறது என்று சொல்லவே முடியாது.

பிறகு மட்டத்தைத் தானாகவே பதியும் லாகர் கருவி வாங்கினால், ஊரில் ஒரு காற்றழுத்த லாகரும் கட்டாயம். அடைபட்ட அடுக்கில் காற்றழுத்தம் இறங்கினால் போரில் மட்டம் ஏறும். வங்கக்கடலில் புயல் சின்னம் வந்து அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் இறங்கினாலே சில செ.மீ. ஏற்றம் தெரியும். மழை பெய்து ஊறியது என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆய்வகத்தார்:
தரம் பற்றி. மோட்டாரைப் போட்டவுடன் பிடித்த தண்ணீர் பைப்பில் தேங்கியது. அதைப் போல மூன்று மடங்கை வெளியே விட்ட பிறகே பிடிக்க வேண்டும். 150 மி.மீ. கேசிங்கில் ஒரு மீட்டருக்கு 17.7 லிட்டர். 60 மீட்டர் தண்ணீர் நின்றால் 1,060 லிட்டர், மூன்று மடங்கு என்றால் ஏறக்குறைய 3,200. நிமிடத்துக்கு 300 லிட்டர் இறைக்கும் மோட்டாருக்கு 11 நிமிடம். அதன்பிறகு 5 நிமிடத்துக்கு ஒருமுறை பி.ஹெச்சும் மின்கடத்துதிறனும் பாருங்கள். அடுத்தடுத்த மூன்று அளவுகளில் பி.ஹெச் 0.1-க்குள்ளும் கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள்ளும் நின்றால்தான் பாட்டிலில் பிடிக்க வேண்டும்.

போருக்கு இரண்டு பாட்டில். முதலாவது கழுத்துவரை நிரப்பி ஐஸ் பெட்டியில்: குளோரைடு, சல்பேட், பைகார்பனேட், ஃபுளோரைடு, நைட்ரேட். நைட்ரேட்டை 48 மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். இரண்டாவது உலோகங்களுக்கு: 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, பி.ஹெச் 2-க்குக் கீழே போகும்வரை நைட்ரிக் அமிலம். கால்சியம், மெக்னீசியம், சோடியம், பொட்டாசியம், இரும்பு, மாங்கனீஸ் இதில். அனல்மின் நிலையச் சாம்பல் குட்டை பக்கத்தில் இருந்தால் போரானும் ஆர்செனிக்கும். பாதரசத்துக்குத் தனிப் பாட்டில், அதை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

முடிவு வந்ததும் நேர் அயனிகளையும் (கால்சியம், சோடியம் போன்றவை) எதிர் அயனிகளையும் (குளோரைடு, சல்பேட் போன்றவை) மின்னூட்டக் கணக்கில் சமன் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் 5 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

கரும்புக்காடு:
மிக்க நன்றி ஐயா. வடிகட்டாமல், அமிலம் விடாமல் கொடுத்தால் என்ன ஆகும்? இன்னொன்று, உப்பு கூடினால் ‘கடல்நீர் ஏறிவிட்டது’ என்று சொல்லிவிடுகிறார்களே, அதை எப்படிப் பார்ப்பது?

ஆய்வகத்தார்:
அமிலம் இல்லாவிட்டால் கரைந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகப் பாட்டிலின் அடியில் படியும். ரிப்போர்ட்டில் குறைவாகக் காட்டும். வடிகட்டாமல் அமிலம் விட்டால் களிமண்ணில் உள்ள இரும்பும் கரைந்து கூடுதலாகக் காட்டும். இரண்டுமே பொய்க் கணக்கு.

கடல்நீரில் சல்பேட்டைக் குளோரைடால் வகுத்தால், எடைக் கணக்கில், 0.14 வரும். குளோரைடு ஏறி விகிதம் அதை நோக்கிப் போனால் கடல்நீரைச் சந்தேகிக்கலாம். குளோரைடு அப்படியே இருந்து சல்பேட் மட்டும் ஏறினால், நிலக்கரியோடு உள்ள பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைவதையோ சாம்பல் குட்டைக் கசிவையோ பார்க்க வேண்டும். போரானும் கூடவே ஏறினால் சாம்பல் பக்கம் சாய்கிறது. பி.ஹெச் இறங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பைரைட்டிலிருந்து வரும் அமிலத்தை மண்ணில் உள்ள கார்பனேட் தணித்துவிடும். அது தீரும்வரை பி.ஹெச் நகராது, சல்பேட் முன்னாலேயே ஏறிவிடும். குடிநீர்த் தரக் குறியீட்டில் சல்பேட்டுக்கு லிட்டருக்கு 200 மி.கி., வேறு வழியில்லாவிட்டால் 400 வரை. ஆனால் 20-ல் இருந்த போர் 120-க்குப் போனால், வரம்புக்குள் இருந்தாலும் அது பெரிய மாற்றம்.

நீர்மட்டம்:
ஒன்று விட்டுப்போனது. விவசாய இறைப்பால் இறங்கும் மட்டம் கரண்ட் நேரத்தோடு ஏறி இறங்கும். சுரங்க இறைப்பு ஓய்வதில்லை, அதனால் விடிகாலை மட்டமே மாதத்துக்கு மாதம் சரியும். ஆனால் மொத்த வட்டாரமும் கூடுதலாக இறைத்தாலும் அதுவும் சரியும். ஒப்பிட ஒரு தூரத்துப் போர் வேண்டும், அதே கீழ் அடுக்கில். அடைபட்ட அடுக்கில் இறைப்பின் பாதிப்பு பல கிலோமீட்டர் பரவும், ஆகவே 2 கி.மீ. தள்ளியிருக்கும் போர் ஒப்பீட்டுக்கு உதவாது. பக்கத்து மழைமானி அளவையும் அதே நோட்டில் எழுதுங்கள். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கணக்கு, சோதனைக்கு செப்டம்பர் கடைசியும் ஜனவரியும் வைத்துக்கொள்ளுங்கள்.